ஆயிரத்தி இருநூ

தேசம்மாள், ஐம்பத்து மூன்று வயது,
பித்தப்பையில் கல். தொழில்: காசிமேட்டில் மீன் ஏலம்.
படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டாள்:
ஆபத்துகள் அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன.

விளக்கியவள் நான்.
வாந்தி வரலாம், தொண்டை கரகரக்கும்,
லட்சத்தில் ஒருவருக்கு... அதையும்தான் சொன்னேன்.
சொல்லாமல் விட்டது ஒன்று:
இந்த மருந்து உன்னை எப்படி அணைக்கிறது என்று
எனக்குத் தெரியாது, தேசம்மா.
எனக்குச் சொல்லித் தந்தவர்களுக்கும் தெரியாது.
எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தெரியும்,
மில்லிகிராம் சுத்தமாக.

நூறிலிருந்து பின்னால் எண்ணுங்க என்றேன்.
"பின்னாடி எண்ண வராது டாக்டரம்மா,
ஏலத்துல ஏத்தித்தான் பயக்கம்."
சரி, ஏத்துங்க.
பால் நிற மருந்து குழாயில் இறங்கியது.
ஒரு கூடை சங்கரா, எட்நூறு, என்றாள்.
தொள்ளாயிரம். ஆயிரம்.
ஆயிரத்தி இருநூ

பிறகு இயந்திரத்தின் மூச்சு மட்டும்.

கொழுப்பில் கரைவதால் என்றது ஒரு தலைமுறை.
புரதப் பூட்டில் சாவியாய்ப் பொருந்துவதால் என்றது அடுத்தது.
எதனோடும் எளிதில் சேராத செனான் வாயு,
தனிமங்களில் சந்நியாசி,
அதுவும் ஆளைச் சாய்க்கிறதே, அது எந்தப் பூட்டின் சாவி?
கூவம் ஓரத்துத் தொட்டாற்சுருங்கி ஒன்றைப் பிடுங்கி வந்து
ஈதர் ஆவியில் மூடி வை: தொட்டால் சுருங்காது.
ஆவி கலைந்தால் மறுபடி கூசும்.
மூளையே இல்லாத இலையில்
மயங்கியது எது?

துரியம் என்பார் சர்ஜன் மகிழ்நன், கத்தியை நீட்டியபடி.
அது பெயர், சார். பதில் இல்லை.

திரையில் நாற்பத்து மூன்று.
அறுபதுக்குக் கீழே இருந்தால் ஆழம் போதும்.
எதன் நாற்பத்து மூன்று?
வெப்பமானி சூட்டை அளக்கிறது, இது
அவள் இல்லாமையை அளக்கிறதா,
இல்லை, அவள் இருந்த இடத்தில் மின்சாரம் போடும் கோலத்தையா?

தமிழும் எனக்கு உதவவில்லை.
நினைவு தப்பியது என்கிறோம், நினைவில் இல்லை என்கிறோம்.
இருப்பதை அறிவதற்கும் இருந்ததை வைத்திருப்பதற்கும்
ஒரே சொல்.
கத்தி இறங்கியபோது அவளுக்கு வலிக்கவே இல்லையா,
வலித்து, வலித்த கணமே அழிந்துபோனதா?
நாளை அவளைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்.
யாருக்கும் நினைவில்லாத வலி
நடந்த வலியா?
இதயத்துடிப்பு எழுபத்தி இரண்டு என்கிறது. சாட்சிக்கு அது போதாது.

இடையில் வெளியே போனேன். மகன் மாசிலாமணி,
கையில் பிரிக்காத பன் பாக்கெட்.
"அம்மா தூங்குதா?"
தூக்கத்தை உலுக்கினால் கலையும், தம்பி.
ஆமாம் என்றேன்.

சன்னலுக்கு அப்பால் சென்ட்ரலில் ஏதோ ஒரு ரயில்
தாமதத்துக்கு வருந்திக்கொண்டிருந்தது மூன்று மொழிகளில்.

ஒரு மணி ஐம்பது நிமிடம். மருந்தை நிறுத்தினேன்.
இந்தப் பகுதிதான் எனக்கு இன்னும் பயம்,
பதினாறு வருடமாகியும்.
அணைத்தவள் நான். ஏற்றுவது நானல்ல.
கையை எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.
எங்கிருந்தோ ஒருத்தி வருகிறாள்,
அவளுடைய கடன்களோடு, அவளுடைய குரலோடு,
போனவளேதான் என்று எல்லாரும் நம்பும்படி.

தேசம்மா, கண்ணைத் திறங்க.
திறந்தாள். உதடு காய்ந்திருந்தது.
"யாரு எடுத்தா?"
என்னது?
"சங்கரா கூடை. யாருக்கு முடிஞ்சிது?"

படிவத்தில் எழுதினேன்: நோயாளி முழு நினைவுடன் உள்ளார்.
இன்னும் முடியலம்மா என்றேன் அவளிடம்.
"அப்ப ஆயிரத்தி முந்நூறு" என்று
மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இது வெறும் தூக்கம்.
அது மட்டும் எதற்காக என்று
கேட்டுவிடாதே, மாசிலாமணி.